18, 21, 23, 25: குடிக்க வயது எத்தனை?

பி.காம். படித்த யாரையாவது நடுராத்திரியில் தட்டி எழுப்பி, "ஒரு வழக்கு பேர் சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். கண்ணைத் திறக்காமலே "மோகரி பீபி எதிர் தர்மதாஸ் கோஷ்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார். 1903இல் லண்டன் பிரிவி கவுன்சில் கொடுத்த தீர்ப்பு. கல்கத்தாவில் ஒரு மைனர் சொத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கினார். மைனர் போட்ட ஒப்பந்தம் அடியோடு செல்லாது என்று தீர்ப்பாகிவிட்டது. கடன் கொடுத்தவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதாயிற்று. வங்கிக்காரனுக்கு இது பால பாடம். 18 முடியாதவனிடம் கையெழுத்து வாங்கினால் பணம் போச்சு.

ஆக எங்களுக்கு மேஜர் என்றால் 18. 1875ஆம் வருடத்துச் சட்டம் அது. ஓட்டுப் போடும் வயது 21ஆக இருந்தது, 1989இல் அதுவும் 18 ஆகிவிட்டது. 18 முடிந்த பையன் என் கிளைக்கு வந்தால் அவன் பெயரிலேயே கல்விக் கடன் போடுகிறேன். பத்து லட்சத்துக்குக் கையெழுத்துப் போட அவனுக்குப் பக்குவம் உண்டு என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அதே பையன் தெருவைக் கடந்து எதிர்க்கடையில் ஒரு பீர் பாட்டில் வாங்கவேண்டுமானால், டெல்லிச் சட்டப்படி இன்னும் ஏழு வருடம் காத்திருக்க வேண்டும். இங்கே வயது 25. மக்களவைக்குப் போட்டி போடவும் 25தான். பீர் குடிக்கவும் எம்.பி. ஆகவும் ஒரே தகுதி!

சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் என்னைப் போல மூன்று வருடத்துக்கு ஒரு மாநிலம் என்று பெட்டி தூக்குகிறவர்களுக்கு இது அவ்வளவு சிரிப்பான விஷயமில்லை. பெங்களூர், திருவனந்தபுரம், மும்பை, டெல்லி என்று சுற்றியாயிற்று. என் பையனுக்கு இப்போது 20 நடக்கிறது. பாண்டிச்சேரியில் அவன் அத்தை வீட்டுக்குப் போனால் அங்கே வயது 18, சட்டப்படி வாங்கலாம். அங்கிருந்து பஸ் பிடித்து விழுப்புரம் வந்தால் வயது 21, வாங்கக் கூடாது. திருவனந்தபுரத்தில் 23. மும்பையில் பீருக்கு 21, விஸ்கிக்கு 25. டெல்லியில் எதற்கும் 25. ஒரே பையன், ஒரே ஆதார் அட்டை. ரயில் ஏற ஏற வயது மட்டும் மாறுகிறது. இந்த எண்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன என்று கொஞ்ச நாளாகத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். சிகரெட்டுக்கு 2003இல் மத்திய அரசே ஒரு சட்டம் போட்டது. 18க்குக் கீழே விற்கக் கூடாது என்று நாடு முழுவதற்கும் ஒரே அடிப்படை வந்துவிட்டது. மதுவுக்கு அப்படி முடியாது. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலில் எட்டாவது இனமாக மது இருக்கிறது. தயாரிப்பது, விற்பது, வரி போடுவது எல்லாம் மாநிலத்தின் பாடு. இன்னொரு பக்கம் 47வது பிரிவு, மதுவிலக்கைக் கொண்டுவர அரசு முயல வேண்டும் என்று அறிவுரை சொல்கிறது. ஒரு கை கல்லாவில், ஒரு கை காந்தி படத்துக்கு மாலை போட. இந்த இரண்டு கைக்கும் நடுவில்தான் வயது என்கிற எண் மாட்டிக்கொண்டிருக்கிறது.

நம்ம ஊரிலிருந்தே ஆரம்பிப்போம். 1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். படிப்படியாக மற்ற ஜில்லாக்களுக்கும் போய், 1948இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. காமர்ஸ் படித்தவர்களுக்குப் பிடிக்கும் ஒரு செய்தி இதில் உண்டு. மது வருமானம் போனதால் கஜானாவில் விழுந்த ஓட்டையை அடைக்கத்தான் 1939இல் ராஜாஜி பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். பின்னால் ஒவ்வொரு மாநிலமாக அதைப் பின்பற்றியது. நாம் கடைக்குக் கடை கட்டிவந்த விற்பனை வரிக்குத் தாத்தா, சேலத்தில் மூடிய கள்ளுக்கடை!

அந்தக் காலத்தில் வயது என்ற கேள்வி பெரிதாக எழ வழியில்லை. யாருக்குமே கிடையாது என்றால் எத்தனை வயதுக்குக் கிடைக்கும் என்று எதற்குக் கேட்பது? 1971இல் கருணாநிதி ஆட்சியில் மதுவிலக்கு தளர்ந்தது. சில வருடங்களிலேயே மறுபடி மூடினார்கள். 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி திறந்தது. 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 2003இல் ஜெயலலிதா ஆட்சியில் சில்லறை விற்பனையும் அரசு கைக்கே வந்தது. கடை வந்தால் விதி வேண்டும், விதி வந்தால் போர்டு வேண்டும். 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு விற்கக் கூடாது என்பது அந்த விதிகளில் ஒன்று. கடையில் போர்டும் தொங்குகிறது.

பம்பாய்க் கதை வேறு மாதிரி. 1949இல் மதுவிலக்குச் சட்டம், 1950இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. மொரார்ஜி தேசாய் முன்னின்று நடத்தியது. அந்தச் சட்டம் இன்னும் ரத்தாகவில்லை என்பது மும்பையில் இருக்கும் நம்மவர்கள் பல பேருக்குத் தெரியாது. உடல்நலத்துக்காகக் குடிக்கிறேன் என்று பெர்மிட் வாங்குகிறவருக்கு விலக்கு கொடுத்தார்கள். காலப்போக்கில் அந்த விலக்கே விதியாகிவிட்டது. தெருவுக்குத் தெரு 'பெர்மிட் ரூம்' என்று போர்டு தொங்குகிறதே, பெயர் அங்கிருந்து வந்ததுதான். உள்ளே உட்கார்ந்திருப்பவர் சட்டப்படி ஒரு நோயாளி. அந்த பெர்மிட்டுக்குத்தான் வயது வரம்பு. 2011 ஜூனில் மகாராஷ்டிர அமைச்சரவை, பீருக்கு 21, அதற்கு மேற்பட்ட சரக்குக்கு 25 என்று போதை ஒழிப்புக் கொள்கையில் அறிவித்தபோது பெரிய ரகளை ஆனது. நடிகர் இம்ரான் கான் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கே போனார். ஓட்டுப் போடத் தெரிந்தவனுக்கு கிளாஸைத் தொடத் தெரியாதா என்று டி.வி.யில் நாள்கணக்கில் விவாதம் ஓடியது.

பெங்களூரில் இன்னும் வேடிக்கை. கர்நாடகாவின் 1965ஆம் வருடச் சட்டம் 18 என்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் 1967இல் போட்ட விதி 21 என்கிறது. தாய் ஒன்று சொல்ல, பிள்ளை ஒன்று சொல்லி, அரை நூற்றாண்டுக்கு மேல் இரண்டும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தின. 2023 ஜனவரியில் விதியையும் 18 ஆக்கலாம் என்று அரசு ஒரு வரைவு வெளியிட்டது. எதிர்ப்பு கிளம்பியது. சில நாட்களிலேயே வாபஸ். அத்தனை வருடமும் முரண்பாடு இருந்தது யார் கண்ணையும் உறுத்தவில்லை. அதைச் சரி செய்யப் போனபோதுதான் ஊர் விழித்துக்கொண்டது.

கேரளாவில் எண் ஏறிக்கொண்டே போயிற்று. 18ஆக இருந்தது 21 ஆனது. 2014இல் உம்மன் சாண்டி அரசு பார்களை மூடுகிறோம் என்று இறங்கியது. அடுத்து வந்த இடதுசாரி அரசு 2017இல் பார்களைத் திறந்துவிட்டது. திறந்த அதே கொள்கையிலேயே வயதையும் ஏற்றுவதாகச் சொன்னார்கள். அந்த வருடம் டிசம்பரில் 23 ஆக்க முடிவெடுத்தார்கள். பாரையும் திறந்து வயதையும் ஏற்றியதைப் பார்த்தால், ஒரு கையால் கொடுத்து மறு கையால் 'நாங்களும் அக்கறையோடுதான் இருக்கிறோம்' என்று காட்டியதாகத்தான் எனக்குப் படுகிறது. 23க்கு மருத்துவக் காரணம் உண்டா என்றால், மூளை முழுசாக வளர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த நியாயப்படி பார்த்தால் எல்லா மாநிலத்துக்கும் மூளை ஒன்றுதானே? கேரளத்து மூளை 23இல் முதிர்ந்து, பாண்டிச்சேரி மூளை 18இலேயே முதிர்ந்துவிடுமா?

இனி டெல்லி. இங்கே வெகுகாலம் நடப்பில் இருந்தது 1914ஆம் வருடத்துப் பஞ்சாப் கலால் சட்டம். அதன்படி மது பரிமாறும் இடத்தில் 25 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஆணும், எந்த வயதுப் பெண்ணும் வேலை செய்யக் கூடாது! ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்த பெண்களுக்கு வேலை இல்லை என்ற நிலை. பெண்கள் மீதான அந்தத் தடை செல்லாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2006இல் சொன்னது. 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அனுஜ் கர்க் வழக்கில் அதை உறுதி செய்தது. பாதுகாப்பு என்ற பெயரில் ஒருவரின் உரிமையைப் பிடுங்கக் கூடாது, பாதுகாப்பைச் செய்து தருவதுதான் அரசின் வேலை என்ற கருத்து அந்தத் தீர்ப்பின் சாரம். பிறகு டெல்லி தனக்கென்று 2009இல் சொந்தச் சட்டம் எழுதிக்கொண்டது. அதிலும் வாங்குகிறவருக்கு 25.

2021 மார்ச்சில் துணை முதல்வராக இருந்த மணீஷ் சிசோடியா புதிய கலால் கொள்கையை அறிவித்தபோது வயதை 21 ஆக்கப் போவதாகச் சொன்னார். பக்கத்து நொய்டாவில் 21 இருக்கிறதே என்பது அவர் வாதம். அந்தக் கொள்கை நவம்பரில் அமலுக்கு வந்து, ஊழல் புகாரில் சிக்கி, 2022 செப்டம்பர் 1ஆம் தேதி பழைய முறையே திரும்பி வந்த கதை உங்களுக்குத் தெரியும். அந்த அமளியில் வயது விஷயத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள். சட்டம் திருத்தப்படவே இல்லை. அதற்குள் ஹரியானா 2022 பிப்ரவரியில் 25லிருந்து 21க்கு இறங்கிவிட்டது. இப்போது டெல்லிக்கு ஒரு பக்கம் நொய்டா 21, இன்னொரு பக்கம் குர்காவ் 21. நடுவில் தீவு மாதிரி டெல்லி 25. மெட்ரோவில் டிக்கெட் எடுத்தால் நாலு வருடம் மூப்பு கூடிவிடும்.

இதே சிக்கலை அமெரிக்கா நமக்கு முன்னாலேயே பார்த்துவிட்டது. 1971இல் அங்கே ஓட்டு வயது 18 ஆனதும், முப்பது மாநிலங்கள் போல மது வயதையும் குறைத்தன. பக்கத்து மாநிலங்கள் குறைக்கவில்லை. விளைவு? பையன்கள் காரை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டிப் போய்க் குடித்துவிட்டு இரவில் ஓட்டிக்கொண்டு திரும்பினார்கள். அந்த எல்லைச் சாலைகளுக்கு 'ரத்த எல்லை' என்றே பெயர் வந்தது. போதை டிரைவர் ஒருவரால் மகளைப் பறிகொடுத்த தாய் ஒருவர் 1980இல் தொடங்கிய இயக்கம் நாட்டையே உலுக்கியது. 1984இல் ரீகன் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அங்கேயும் மது மாநில விஷயம்தான், நேராகக் கை வைக்க முடியாது. அதனால் 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் வெட்டு என்றார்கள். ஒரு மாநிலம் வழக்குப் போட்டு 1987இல் தோற்றது. 1988க்குள் ஐம்பது மாநிலங்களும் 21க்கு வந்துவிட்டன. வயதை ஏற்றிய மாநிலங்களில் வாகன விபத்துகள் சராசரியாக 16 சதவீதம் குறைந்ததாக அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. 21 வைத்ததால் பிள்ளைகள் ஒளிந்து குடிக்கிறார்கள், ஒரே மூச்சில் அளவில்லாமல் குடிக்கிறார்கள் என்று 2008இல் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரித் தலைவர்கள் கையெழுத்திட்டு மறுபரிசீலனை கேட்டதும் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். விவாதம் அங்கேயும் முடியவில்லை.

ஆனால் அங்கே எண் வேலை செய்ததற்குக் காரணம் எண் மட்டும் இல்லை. கடையில் அடையாள அட்டை கேட்கிறார்கள். கேட்காமல் விற்று மாட்டினால் கடையின் லைசென்ஸுக்கே ஆபத்து. நம்மிடம் இல்லாதது இதுதான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் டெல்லிக்குப் பக்கத்தில் ஒரு கிளையில் இருந்தேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் ஒருவர், மத்திய சர்க்கார் உத்தியோகம், கையில் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். மகன் பெயரில் எங்களிடம் கல்விக் கடன், இவர் கூட்டுக் கடன்தாரர். பையில் இருந்தது மகனின் இறப்புச் சான்றிதழ். 19 வயது. சிநேகிதன் பிறந்தநாள் என்று எல்லை தாண்டி ஒரு பாருக்குப் போயிருக்கிறார்கள். திரும்பும்போது பைக். கடனுக்கு இன்சூரன்ஸ் இல்லை. அவர் தள்ளுபடி கேட்கவில்லை. மாதம் எவ்வளவு கட்டினால் ரிட்டயர் ஆவதற்குள் முடியும் என்றுதான் கேட்டார். கணக்குப் போட்டுச் சொன்னேன். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

"சார், லோனுக்கு எத்தனை பேப்பர் கேட்டீங்க. பத்தாங்கிளாஸ் சர்டிபிகேட், பான் கார்டு, என் சம்பளச் சீட்டு... நாலு தடவை நடந்தேன். அன்னைக்குச் சலிச்சுக்கிட்டேன். அந்தக் கடைக்காரன் ஒரே ஒரு பேப்பர் கேட்டிருக்கலாம்லா சார்."

பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன்.

அந்த இடத்தில் வயது 18ஆக இருந்தால் என்ன, 21ஆக இருந்தால் என்ன, 25ஆக இருந்தால் என்ன? கேட்காத கடையில் எல்லா எண்ணும் ஒன்றுதான். வயது வரம்பு விவாதம் என்று நாம் வருடக்கணக்கில் பேசுவது எந்த எண் என்பதைப் பற்றி. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பதிவு போடுகிறவர் ஒருவர், அதைச் சரிபார்த்து அனுமதிக்கிறவர் இன்னொருவர். இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் ஆடிட்டர் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதிவிடுவார். மது விஷயத்தில் விதி போடுவதும் மாநில அரசு, லைசென்ஸ் கொடுப்பதும் அதுவே, வருமானம் வாங்குவதும் அதுவே. தமிழ்நாட்டில் கடையில் நின்று விற்பதும் அதுவே. 2023-24இல் டாஸ்மாக் மூலம் வந்த வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். அந்தக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவரையே 'வந்தவனைத் திருப்பி அனுப்பு' என்றால் எப்படி அனுப்புவார்?

நான் மது முழுக்க ஒழிய வேண்டும் என்று எழுதவில்லை. அதற்கும் ஆசைப்படுகிற நண்பர்கள் உண்டு, மதிக்கிறேன். எங்கள் கிளையில் இருக்கும் இளைஞர்கள் 18 போதும் என்கிறார்கள். அந்த வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. எனக்குக் கேட்டால் 21 சரி என்பேன், அமெரிக்க அனுபவம் அதற்கு ஒரு காரணம். ஆனால் எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு. ஒன்று, எல்லை தாண்டினால் வயது மாறக் கூடாது. மாநிலங்கள் கூடிப் பேசி, குறைந்தது ஒட்டியிருக்கும் ஊர்களிலாவது ஒரே எண்ணை வைக்கலாம். இரண்டு, வயதுச் சான்று கேட்பதைக் கடையின் வேலையாக்கி, கேட்காதவன் லைசென்ஸில் கை வைக்க வேண்டும். சிம் கார்டு வாங்க அடையாளம் காட்டுகிற நாட்டில் இது நடக்க முடியாத காரியமா? வயதுச் சரிபார்ப்புக்கு நாடு முழுவதற்கும் ஒரு முறை வேண்டும் என்று ஒரு பொதுநல வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2024 நவம்பரில் மத்திய அரசுக்கு நோட்டீஸும் போயிற்று. இந்தக் கேள்வி அந்த அளவுக்காவது எழுந்திருப்பது ஆறுதல்.

ஒரு சட்டம் மட்டும் எந்த மாநிலத்திலும் மாறாது, பெற்றோர்கள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2015ஆம் வருடச் சிறார் நீதிச் சட்டத்தின் 77வது பிரிவு. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு மருத்துவர் சொல்லாமல் மது கொடுத்தால் ஏழு வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். கடைக்காரருக்கு மட்டும் என்று இல்லை. கல்யாண வீட்டு மாடியில் "ஆம்பளைப் பையன், ஒரு வாய் குடிக்கட்டும்டா" என்று ஊற்றிக் கொடுக்கும் மாமாவுக்கும், சித்தப்பாவுக்கும் சேர்த்துத்தான். 2019இல் வந்த எய்ம்ஸ் ஆய்வில் நாட்டில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துவதாகவும், 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 1.3 சதவீதம் பேர் அருந்துவதாகவும் கண்டார்கள். சதவீதம் சின்னதாகத் தெரியலாம். நாட்டில் அந்த வயதுப் பிள்ளைகளின் எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள்.

நம்மைப் போல ஊரைவிட்டு வந்த குடும்பங்களுக்கு இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. ஊரில் என்றால் கடை வாசலில் நிற்கும் பையனை "இன்னார் மகன்தானே நீ?" என்று கேட்க யாராவது ஒருவர் இருப்பார். அந்தக் கேள்வியும் ஒரு வயதுச் சான்றுதான். குர்காவிலும் வொயிட்ஃபீல்டிலும் கேட்க யாரும் இல்லை. பிள்ளைகளைப் புது ஊரில் ஹாஸ்டலில் விடும்போது மெஸ் பில், போர்வை, பக்கெட் எல்லாம் பேசுகிறோம். அந்த மாநிலத்தில் வயது எத்தனை, குடித்தவன் ஓட்டும் வண்டியில் ஏறாதே, எந்த நேரமானாலும் எனக்குப் போன் பண்ணு, திட்டமாட்டேன், ஆட்டோவுக்குக் காசு அனுப்புகிறேன் என்று பேசுகிறோமா? நான் என் பையனிடம் போன வருடம் பேசினேன். "சரிப்பா, சரிப்பா" என்று தலையைக் குனிந்துகொண்டே கேட்டான். கேட்டான் என்பது போதும்.

நீங்கள் இருக்கும் ஊரில் கடையிலோ பாரிலோ யாரிடமாவது வயது கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால் ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறேன்.